துணைக்கு யார் வந்திருக்கா?

பூண்டுலோயாவைச் சுற்றியிருக்கிற தோட்டங்களில் ஆஸ்பத்திரிக்கு யாரும் தனியாகப் போறதில்ல. காய்ச்சலோ, கண் கிளினிக்கோ, எதுவா இருந்தாலும் ரெண்டு பேராவது போவார்கள். ஒருவர் நோயாளி. மற்றவர் நம்பர் எடுக்க, கியூவில் இடம் பிடிக்க, கிளினிக் கொப்பியை வைத்திருக்க, முக்கியமாகப் பேச. அந்தப் 'பேசுற ஆள்' கிடைக்காததால் கிளினிக் தேதியையே விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

நான் ஒரு பேசுற ஆள். ஏ.எல். எழுதிவிட்டு கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் மூன்று வருஷம் நின்றேன். அங்கிருந்து மிச்சம் பிடித்து வந்தது சிங்களம் மட்டும்தான். இப்போது டவுனில் ஒரு கொமினிகேஷனில் போட்டோகொப்பி அடித்து, ஃபோர்ம் நிரப்பிக் கொடுக்கிறேன். ஃபோர்ம் நிரப்ப வருகிறவர்கள் கொஞ்ச நாளில், "தம்பி, வியாழக்கிழம கிளினிக் இருக்கு, கூட வர ஏலுமா?" என்று கேட்பார்கள். பஸ் காசு கொடுப்பார்கள். வரும் வழியில் ஒரு பிளேன்டீ, ஒரு ரோல்ஸ். அதுக்கு மேல் நான் வாங்கினதில்ல.

இந்த வேலையில் எனக்குத் தெரியவந்ததை வைத்து ஒரு தோட்டத்தையே கலைத்துவிடலாம். ஒரு மாமி, என் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுப்பவர், கர்ப்பப்பை இறங்கியிருப்பதை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார். "ஓங்கிட்ட சொல்லி நீ அவுங்ககிட்ட சொல்லணும், என்னா செய்றது." நான் சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் திரும்பக் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். கேட்கிற எனக்கும் காது சுட்டது. அதுக்குப் பிறகு அந்த மாமி என்னை ரோட்டில் கண்டால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போகிறார். கோபம் ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

1987இல் 13ஆவது திருத்தம் வந்தபோதே தமிழும் அரச கரும மொழி என்று எழுதியாயிற்று. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கும் மேலே நாங்கள். ஆஸ்பத்திரிப் பலகைகளில் மூன்று மொழி இருக்கிறது. டொக்டருடைய மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் பெரும்பாலும் ஒன்றுதான். இது எல்லாருக்கும் உள்ள கஷ்டம். புதுசா நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு இதே கஷ்டம் வேறு மாதிரி வேலை செய்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

எங்களைப் போன்றவர்கள் என்றால், நான் ஆண்களை விரும்புகிற ஆண். வீட்டுக்குத் தெரியாது. கீழே பெயர் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

முதலில் தோட்டத்து வைத்தியம் எப்படி இருக்கிறது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1912இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த சட்டம், தொழிலாளிக்கு வைத்தியம் பார்ப்பதைத் தோட்ட முதலாளியின் பொறுப்பாக ஆக்கியது. நாடு முழுக்க இலவச அரச வைத்தியம் வளர்ந்தபோதும் தோட்டம் தனிக் கணக்காகவே கிடந்தது. 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகம் திரும்பக் கம்பனிகளின் கைக்குப் போனது. பிறகு சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. ஆனாலும் பல தோட்டங்களில் இன்றைக்கும் கம்பனி டிஸ்பென்சரிதான் முதல் வாசல். அங்கே இருப்பவரை டாக்டரையா என்போம். அவர் டொக்டர் இல்லை, மருத்துவ உதவியாளர். நல்ல மனுசராவே இருக்கலாம், எங்களுடையவர் நல்ல மனுசர்தான். ஆனால் அவரும் துரைக்குக் கீழே சம்பளம் வாங்குபவர். வேலைக்கு வராத நாளுக்குத் துண்டு எழுதுபவர். ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் எப்போதும் ஆறு பேர் இருப்பார்கள். அங்கே காலையில் சொன்னது மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு வந்துவிடும்.

இனி அக்காவைப் பற்றி.

எங்கள் தோட்டத்தில் அவரைப் பெரும்பாலானவர்கள் அண்ணன் என்பார்கள். சிலர் வேறொரு சொல்லால் சொல்வார்கள், அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப் போறதில்ல. நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். முதலில் தனியாக இருக்கும்போது மட்டும், இப்போது பஸ்ஸிலும். இதை எழுதச் சொன்னதும் அவர்தான். "டவுன் பேரப் போடு. தோட்டத்துப் பேரயும் எம்பேரயும் போட்டுறாத."

மாசி மாதம் காமன் கூத்தில் பத்து வருஷத்துக்கு மேலாக ரதி வேஷம் அக்காதான். அந்த நாட்களில் லயத்துப் பெண்கள் அவருக்குச் சேலை கட்டிவிடுவார்கள், காதில் கிடக்கிற தோட்டைக் கழற்றிக் கொடுப்பார்கள். பிள்ளைக்குத் திருநீறு பூசச் சொல்லித் தூக்கிக்கொண்டு வருவார்கள். மன்மதன் எரிகிற ராத்திரி ரதி புலம்பும்போது, சாராயம் குடித்துவிட்டுப் பின்னால் நிற்கிற ஆம்பளைகள்கூடக் கண்ணைத் துடைப்பார்கள். தகனம் முடிந்து மறுநாள் பெரட்டுக்கு வந்தால் பழையபடி ஆம்பளை வேலை. கையில் கவ்வாத்துக் கத்தி. கூடை கட்டிக் கொழுந்தெடுக்க அவருக்கு ஆசை. கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

2024 கடைசியில் ஒரு நாள் கடைக்கு வந்து, "தம்பி, இந்தக் காலப் பாரேன்" என்று சாரத்தைத் தூக்கிக் காட்டினார். இடது கால் முழங்காலுக்குக் கீழே வாழைத்தண்டு மாதிரி வீங்கி, மினுமினுவென்று சிவந்திருந்தது. வலது கால் எப்போதும் போல். மூன்று நாளுக்கு முந்தி டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறார். கவ்வாத்து மலையில் சறுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். பெனடோலும், பூசிக்கொள்ள ஒரு மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். சறுக்கினது என்றால் அதைத்தானே கொடுப்பார்கள்.

த்ரீவீல் பிடித்து ஓர் அரச ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர், ராத்திரியெல்லாம் தூங்காத முகம். "காத் எக்கத ஆவே?" என்றார். யாரோடு வந்தீங்க? நான் கையைத் தூக்கினேன். பிறகு காலை அமுக்கிப் பார்த்தார். அடிபட்டதா, நீண்ட பயணம் போனதா, சிகரெட் குடிக்கிறதா, வீட்டில் யாருக்காவது இப்படி வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "பெஹெத் மொனவத் கன்னவத?"

"ஏதாவது மருந்து பாவிக்கிறீங்களான்னு கேக்குறாரு."

"இல்லன்னு சொல்லு."

சொன்னேன். டொக்டருக்கு அது பிடிபடவில்லை. பேனாவை வைத்துவிட்டு அதே கேள்வியை இன்னொரு தரம் மெதுவாகக் கேட்டார். அப்போது அக்கா டொக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு ஒன்று புரிந்தது. டொக்டரிடம் மறைக்க அவருக்கு ஒன்றுமில்லை. முன்பின் தெரியாத ஆள், நாளைக்குப் பார்க்கவும் மாட்டார். மறைத்தது என்னிடம்.

கொஞ்ச நேரம் போய், சாரத்து மடிப்பில் இருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பெண்கள் எடுக்கிற கர்ப்பத்தடை மாத்திரை. அதை மொழிபெயர்க்கத் தேவைப்படல.

டொக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம், "நோனாகெத?" என்றார். மனைவியுடையதா? நான், "எயாகே" என்றேன். சிங்களத்தில் 'எயா' என்ற சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. அவனும் இல்லை, அவளும் இல்லை, அந்த ஆள், அவ்வளவுதான். நம்முடைய 'அவங்க' மாதிரி. டொக்டர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு, ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை மாதமாக என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு நாளைக்கு ரெண்டு, சில நாள் மூன்று. எட்டு மாதமாக.

இதில் உள்ள ஆபத்தை இதை வாசிக்கிற யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன். உடம்பைப் பெண்ணுடம்பாக மாற்ற விரும்புகிற திருநங்கைகள் பலர் ஹோர்மோன் டொக்டரிடம் போக வழியில்லாமல் பாமசியில் இந்த மாத்திரையை வாங்கி, வேகமாக வேலை செய்யட்டும் என்று ரெண்டு மூன்றாகப் போடுகிறார்கள். நம்ம ஊரில் மட்டுமில்லை, உலகம் முழுக்க. அந்த மாத்திரையில் இருக்கிற எதினைல் எஸ்ட்ராடயோல் என்ற ஹோர்மோன் இரத்தம் கட்டிப்போகிற வாய்ப்பைக் கூட்டும். கூடுதலாகப் போட்டால் ஆபத்தும் கூடும். அதனால்தான் முறையாகச் சிகிச்சை கொடுக்கிற டொக்டர்மார் இதைக் கொடுப்பதில்லை, வேறு வகை எஸ்ட்ராடயோல் கொடுத்து இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி, சூடு என்றால் அது நரம்புக்குள் இரத்தம் கட்டினதாக இருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் ஆளே போய்விடலாம். எண்ணெய் பூசுகிற விஷயம் இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்.

ஸ்கேன் எடுத்தார்கள். கட்டிதான். வயிற்றில் ஊசி போட ஆரம்பித்தார்கள்.

வார்ட் என்று வந்தபோது ஆம்பளை வார்ட். டிக்கெட்டில் அடையாள அட்டையில் உள்ளதுதான் இருக்கும். அக்கா ஒரு போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். விசயம் வார்டுக்குள் பரவ அரை நாள் ஆகவில்லை. டிக்கெட்டில் எழுதியிருந்த மாத்திரைப் பெயரை யாரோ சத்தமாக வாசித்துச் சிரித்திருக்கிறார்கள். ஊசி போட வந்த ஒரு தாதி மட்டும் திரையை இழுத்துவிட்டுப் போட்டாராம். அக்கா இன்றைக்கும் அந்தத் திரையைப் பற்றித்தான் பேசுவார், சிரித்தவர்களைப் பற்றி இல்லை. பக்கத்துக் கட்டிலில் வேறு தோட்டத்துத் தாத்தா ஒருவர். ஒன்றுமே கேட்காமல் மலிபன் பிஸ்கட் பக்கட்டை நீட்டிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு வார்ஃபரின் மாத்திரை. அதைப் போடுகிறவர் அடிக்கடி போய் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் திரும்பக் கட்டும். ஒவ்வொரு கிளினிக்கும் ஒரு நாள் பேர் போகிறது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. அதைப் பெரிய வெற்றியாகப் பேசினார்கள், வெற்றிதான். பூண்டுலோயாவில் இருந்து தலவாக்கலை போய், அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி, காலை ஏழு மணிக்கு நம்பர் எடுக்க வேண்டிய ஒருவருக்கு அந்த நாட்சம்பளம் அன்றைக்கு இல்லை. பஸ் காசும் சாப்பாடும் அதுக்கு மேல். 'இலவச வைத்தியம்' என்கிற சொல்லை நான் மதிக்கிறேன், இது இல்லாவிட்டால் அக்கா இன்றைக்கு இல்லை. ஆனால் அந்த இலவசம் ஆஸ்பத்திரி கேட்டுக்கு உள்ளேதான் ஆரம்பிக்கிறது.

அங்கேதான் ஒரு டொக்டர், மாத்திரையைத் திருட்டுத்தனமாகப் போடாதே, முறையாகச் செய்ய வழி இருக்கிறது என்று சொன்னார். வழி இருக்கிறது, உண்மைதான். 2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மனநல வைத்திய நிபுணர் ஒருவர் பார்த்து, பால்நிலை அங்கீகாரச் சான்றிதழில் கையெழுத்து வைக்கலாம். அதைக் கொண்டுபோனால் பிறப்புச் சான்றிதழில் பாலையும் பெயரையும் மாற்றலாம், பிறகு அடையாள அட்டை. இலங்கை செய்த நல்ல காரியம் இது. ஆனால் வாசல் மனநலக் கிளினிக்கில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு, 2022இல் நடைமுறைக்கு வந்த புதிய நோய்ப் பட்டியலில் இந்த விஷயத்தை மனநோய் அத்தியாயத்தில் இருந்து எடுத்து, பாலியல் ஆரோக்கிய அத்தியாயத்துக்கு மாற்றிவிட்டது. நம்ம ஊரில் இன்னும் "மெண்டல் கிளினிக்குக்குப் போறாரு" என்றுதான் பேச்சு.

அந்தக் கிளினிக்கிலும் நான்தான் பேசுற ஆள். "சின்ன வயசில் எப்போது இப்படித் தோணுச்சு?" என்று டொக்டர் கேட்டார். நல்ல டொக்டர், அவசரப்படுத்தவில்லை. அக்கா பதில் சொல்ல ஆரம்பித்தது பிள்ளைக் காம்பராவில் இருந்து. தொட்டிலில் கிடந்த தங்கச்சியின் சட்டை, பீலிக்கரையில் பொம்பளைப் பிள்ளைகளோடு தண்ணி எடுத்தது, தகப்பன் சூடு போட்டது, கோயிலில் மந்திரிச்சது, பேய் பிடிச்சிருக்கு என்று வேப்பிலையால் அடித்தது, பிறகு ரதி. பீலிக்கரைக்குச் சிங்களத்தில் என்ன சொல்வது? ரதி என்றால் யார், ஏன் ஒரு ஊர் மொத்தமும் ஒரு ராத்திரி அவளுக்காக அழுகிறது என்பதை மூன்று வரியில் எப்படிச் சொல்வது? நான் சொன்னது சரியாகவே இருந்திருக்கும், டொக்டரும் தலையாட்டி எழுதினார். ஆனால் இருபது நிமிஷம் அக்கா பேசினது கொப்பியில் நாலு வரியாக நின்றது.

இதில் பிறப்புச் சான்றிதழ் கதை வேறு. அக்காவின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. தோட்டத்தில் பிறந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் கேட்டு, இங்கிலீசில் எழுதி, திரும்பத் தமிழுக்கு வரும்போது அது வேறொருவருடைய பெயர். பாலை மாற்றுவதற்கு முந்தி அந்த ஓர் எழுத்தை மாற்றி வரச் சொன்னார்கள். என் கடையில்தான் அந்த ஃபோர்மையும் நிரப்பினோம். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நா பொம்பளன்னு நம்புறதுக்கு முன்னுக்கு எங்கப்பா யாருன்னு நம்பணுமாம்."

என் சொந்தக் கதை இதைவிடச் சின்னது. ஒரு பயத்தினால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்ய வேண்டி வந்தது. பாலியல் நோய்க் கிளினிக் நுவரெலியாவிலும் உண்டு. போகவில்லை. அங்கே பஸ்ஸில் இருந்து இறங்கினால் மரக்கறி ஏற்றி வந்த யாராவது, "என்ன தம்பி இந்தப் பக்கம்?" என்பார்கள். கொழும்புக்கே போனேன். கொழும்பு 10, டி சேரம் பிளேஸ், தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய கிளினிக். கடிதம் தேவையில்லை, காசு தேவையில்லை. எனக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள், நம்பரைத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்த டொக்டர், "ஆண்களோடா, பெண்களோடா, ரெண்டு பேரோடையுமா?" என்று சீனி இருக்கா, பிரஷர் இருக்கா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார். சிங்களத்தில். நானும் சிங்களத்தில் பதில் சொன்னேன்.

வெளியே வந்து மருதானை வரை நடக்கும்போதுதான் யோசித்தேன். என் வாழ்க்கையில் ஒருவருடைய முகத்தைப் பார்த்து அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் என் மொழியில் இல்லை. தமிழில் அதுக்கு எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் ஸ்கூலில் என் முதுகுக்குப் பின்னால் கேட்ட சொற்கள். சிங்களத்திலும் அப்படிச் சொற்கள் உண்டு, கடையில் கேட்டிருக்கிறேன், ஆனால் அவை என்னைக் கடித்ததில்லை. பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. எச்.ஐ.வி. தொற்றாமல் முன்கூட்டியே எடுக்கிற மாத்திரை பற்றியும் அங்கேதான் முதலில் கேள்விப்பட்டேன்.

தன்பாலீர்ப்பு, பால்புதுமையினர், திருநர் என்ற சொற்களை நான் போனில்தான் கற்றுக்கொண்டேன். பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருந்து வந்தவை. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கில், எங்களை 'மாற்ற' முயலும் சிகிச்சைகளைத் தடை செய்யச் சொன்னார். அதே வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களுக்கு ஒரு பட்டியலே வெளியிட்டது. வாசித்தபோது சந்தோஷம். ஆனால் எங்கள் அம்மாவிடம் போய் 'பால்புதுமையினர்' என்றால் மாட்டுப்பால் கூட்டுறவு பற்றிப் பேசுகிறேன் என்று நினைப்பார். ஆஸ்பத்திரிக்குத் தேவை அம்மாவுக்கும் புரிகிற, அதே நேரம் கூசாத ஒரு சொல். அது இன்னும் எங்கள் பக்கத்தில் பிறக்கவில்லை. பிறந்தால் பீலிக்கரையில்தான் பிறக்கும் என்று நினைக்கிறேன், கோர்ட்டில் இல்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் "எதுக்கு இவ்வளவு பயம்?" என்று கேட்பீர்கள். 1883இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 365இன் கீழ் பத்து வருஷம் வரை, 365அவின் கீழ் ரெண்டு வருஷம் வரை சிறை. 1995இல் திருத்தினார்கள், நீக்குவதற்கு இல்லை, ஆண்களோடு பெண்களையும் சேர்த்துக்கொள்ள. 2020இல் ஹியூமன் ரைட்ஸ் வொட்ச், ஈக்குவல் கிரவுண்ட் அமைப்புகள் வெளிப்படுத்தியது என்னவென்றால், இந்தச் சட்டத்தின் கீழ் பிடிபட்டவர்களுக்கு 'ஆதாரம்' எடுக்க ஆசனவாய்ப் பரிசோதனை கட்டாயமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பது. செய்தவர்கள் டொக்டர்மார். அந்தப் பரிசோதனைக்கு விஞ்ஞான மதிப்பே கிடையாது. இதைக் கேள்விப்பட்ட ஒருவன் கீழே வலிக்கிறது, இரத்தம் வருகிறது என்று எந்த டொக்டரிடம் போவான்? மூலம் என்று சொல்லி டவுனில் நாட்டு மருந்து வாங்குவான். வாங்குகிறான்.

மறுபக்கத்தில் நல்லதும் நடந்திருக்கிறது. 2021இல் இலங்கை மனநல வைத்தியர்களின் கல்லூரியே ஒருபாலீர்ப்பு மனநோய் இல்லை என்று பகிரங்கமாகச் சொன்னது. 2023 மே மாதம் உயர் நீதிமன்றம், இந்தப் பிரிவுகளைத் திருத்தும் பிரேம்நாத் தொலவத்தவின் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்றது. பிறகு 2024இல் பாராளுமன்றம் கலைந்தது, அதோடு அதுவும் போனது. சட்டம் போனால் பயம் பாதி போகும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மீதிப் பாதி டிஸ்பென்சரி ஜன்னலுக்கு வெளியே உள்ள பெஞ்சில் இருக்கிறது.

பெண்களுக்கு வேறு பூட்டு. என் சிநேகிதி ஒருத்தி, முன்பள்ளி டீச்சர், பெண்ணை விரும்புகிறவள். மாதவிடாய் நிற்காமல் போய் டொக்டரிடம் போனாள். முதல் கேள்வி, கல்யாணம் முடிச்சாச்சா. இல்லை என்றதும் பல கேள்விகள் கேட்கப்படவே இல்லை. கூட வந்த அத்தை, பதில் சொல்வதற்கென்றே வந்தவர் போல, "நல்ல பிள்ளைங்க டொக்டர்" என்று சான்றிதழ் கொடுத்தாராம். இரும்புச்சத்து மாத்திரையோடு திரும்பினாள்.

எல்லா இடத்திலும் தமிழ் டொக்டர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கிடைத்தால் நல்லது. ஆனால் தமிழ் டொக்டர் என்றால் சில நேரம் இன்னும் பயம், அவர் நம்ம ஸ்கூல் சேருடைய மருமகனாக இருப்பார். நான் கேட்பது அதைவிடச் சின்னது. துணைக்கு வந்தவரை அஞ்சு நிமிஷம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த அஞ்சு நிமிஷத்துக்கு, அந்தத் தோட்டத்தைச் சேராத, வாயை மூடி வைக்கச் சம்பளம் வாங்குகிற ஒரு மொழிபெயர்ப்பாளர் போனிலாவது இருக்க வேண்டும். பெயருக்குப் பதில் நம்பர் கூப்பிடுவதற்குப் பணமே தேவையில்லை, பாலியல் நோய்க் கிளினிக்கில் செய்வதை மற்ற கிளினிக்கிலும் செய்தால் போதும்.

அதுவரை அக்கா தன் வழியைப் பார்க்கிறார். போன கிழமை கடை மூடுகிற நேரம் வந்து, ஒரு சி.ஆர். கொப்பித் தாளில் சிங்கள வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். "நீ வராத. நானே பேசிப் பாக்குறேன்." எழுதிக் கொடுத்தேன். மம கன்ன பெஹெத் மேவா: நான் எடுக்கிற மருந்து இதுகள். தனியம கதா கரன்ன புளுவன்த: தனியாப் பேச ஏலுமா? இப்படி ஆறு வாக்கியம். ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். 'புளுவன்த'வில் நாக்கு புரளவில்லை, மூன்று தரம் சொல்லவைத்தேன். பிறகு ஏழாவதாக ஒன்று கேட்டார். அதையும் எழுதினேன். அது என்ன என்று இங்கே சொல்ல மாட்டேன், அது அவருக்கும் டொக்டருக்கும் உள்ளது. தாளை நாலாக மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்.